சொப்பு டம்ளர்

படப்பை
14.11.2004

அன்புள்ள சாம்சனுக்கு,

புனேயில் ரூம் கிடைத்து, சப்பாத்தியோடு சமாதானம் ஆகியிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். எப்படிப்பட்ட சுகம் என்பது ஆஸ்பத்திரியில் எனக்குத் துணை கிடந்த உனக்குத் தெரியாததா?

இரைப்பையைச் சுருக்கி ஏழு வாரம் ஆகிறது. நூற்று முப்பத்தாறு கிலோவில் இருபத்திரண்டு போய்விட்டது. சோறுகூடப் பரவாயில்லையடா, மூன்று ஸ்பூனிலேயே வயிறு போதும் என்கிறது. தண்ணீர்தான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. சாப்பிட அரை மணி முன்னால் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி வரைக்கும் குடிக்கக் கூடாது. காபி, டீ இப்போதைக்கு இல்லை. சோடா, கலர், பீர் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது. தண்ணீரும் ஒரு தடவைக்கு இரண்டு ஸ்பூன், உதட்டில் வைத்து நிறுத்தி நிறுத்தி. செம்பைத் தூக்கி அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொள்கிறவன் நான். போன வாரம் நைட் ஷிப்ட் முடிந்து வந்த தாகத்தில் மறந்துபோய் அப்படி ஊற்றிக்கொண்டேன். நெஞ்சுக்குள் செங்கல் மாட்டிக்கொண்ட மாதிரி வலி. படப்பை பஸ் ஸ்டாண்டிலேயே வாந்தி. பூக்காரம்மா, காலையிலேயே ஏத்திக்கினு வந்துட்டான் பார் என்று திட்டினாள். குடிக்காமலே குடிகாரன் ஆனேன்.

அப்புறம் தாம்பரத்தில் பிள்ளைகள் விளையாடுகிற சொப்பு சாமான் செட் ஒன்று வாங்கினேன். அதிலிருக்கும் சில்வர் டம்ளர் கட்டைவிரல் உயரம்தான். சரியாக இரண்டு ஸ்பூன் பிடிக்கிறது. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

யாரிடமும் மூச்சு விடாதே. அக்காவிடம் ஓசூரில் ட்ரெயினிங் என்று சொல்லியிருக்கிறேன். தின்று தின்று வயிற்றை அறுத்துக்கொண்டவன் என்று பேர் வந்தால், முப்பத்தெட்டு வயதில் எவன் எனக்குப் பெண் தருவான்?

உன்,
மாரிமுத்து


கழுகுமலை
20.1.2005

அன்புத் தம்பி மாரிமுத்துவுக்கு அக்கா சொர்ணம்மாள் எழுதுவது.

முருகன் புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் வலி மட்டும் என்னை விட்டுப் போவேனா என்கிறது. உன் உடம்பு எப்படி? பொங்கலுக்கு வந்த என் மகள் செல்வி உன் போட்டோவைக் காட்டினாள். இது யாரு, நம்ம வீட்டுப் பிள்ளையா என்று கேட்டுவிட்டேன். பாதி ஆளாகிவிட்டாயே! தினமும் ஏழு மைல் நடப்பதாகச் செல்வி சொன்னாள். சின்ன வயதில் தண்ணீர் எடுத்து வா என்றால் அடுத்த தெருவுக்கு நடக்க மாட்டாய்.

இப்போது பெண் பார்க்க எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நாலாட்டின்புத்தூரில் ஒரு இடம் இருக்கிறது. பெயர் கனகலட்சுமி, டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள்.

இன்னொரு சங்கதி. கடையில் போன் இருக்கிறது, ஆனால் அதில் பேசினால் ஊரே காது கொடுக்கும், அதனால்தான் எழுதுகிறேன். செல்வி தன் கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருக்கும் ரகுபதி என்ற பையனைக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். மணிமங்கலத்துக்காரன். நம்ம ஆட்கள் இல்லை. நம்மைவிடத் தாழ்ந்தவர்கள் என்று ஊர் சொல்லும். இரண்டு நாள் நான் சோறு இறங்காமல் கிடந்தேன். அவள் அப்பா இருந்தால் யோசிக்க ஒரு ஆள் இருந்திருக்கும். நீ பையனைப் பார்த்திருக்கிறாயா? மனதில் பட்டதை மறைக்காமல் எழுது.

ஆசியுடன்,
அக்கா


படப்பை
2.2.2005

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், செல்வியிடம் கொடுத்து அனுப்புகிறேன். நான் நலமே.

நடைதான் அக்கா, வேறொன்றும் இல்லை. மனசு வைத்தால் ஆகாதது உண்டா? கம்பெனி நோட்டீஸ் போர்டில் என் பழைய போட்டோவையும் புதுப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, நடந்தே இளைத்தவர் என்று எழுதியிருக்கிறார்கள். லைனில் வேலை பார்க்கும் பையன்கள் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். காபியை விட்டுவிட்டேன், அது ஒன்றுதான் வருத்தம்.

ரகுபதியை இரண்டு முறை பார்த்தேன். தங்கமான பையன். பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுகிறான். செல்வியின் ஹாஸ்டல் வாசலில் அவள் உள்ளே போகும்வரை நின்று பார்த்துவிட்டுப் போகிறான். நம்ம ஆட்களில் இப்படி ஒருவனை நீ தேடிக் கண்டுபிடிக்க மாட்டாய். சம்மதித்துவிடு. ஊர் பத்து நாள் பேசும், பதினோராவது நாள் வேறு கதை கிடைக்கும்.

உன் தம்பி,
மாரிமுத்து


கழுகுமலை
11.2.2005

அன்புத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இளைத்தது போதும், இனிமேல் எலும்பு தெரிய வேண்டாம்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சரி. என் பிள்ளை சந்தோஷம்தான் எனக்குப் பெரிது. நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போ. தாய்மாமன் போய்க் கை நனைத்தால் நானே போனதற்குச் சமம். வேறு ஆட்கள் வீடு என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. தண்ணீர் தந்தால் குடி, பலகாரம் வைத்தால் சாப்பிடு. நாம் மனசாரச் சம்மதித்தோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் உன்னை அனுப்புகிறேன்.

நாலாட்டின்புத்தூர்க்காரர்கள் வந்து போனார்கள். பையன் திடீரென்று இளைத்திருக்கிறாரே, நோய்நொடி உண்டா, ஆபரேஷன் ஏதும் நடந்ததா என்று கேட்டார்கள். என் தம்பிக்கு ஒன்றும் கிடையாது என்று முருகன் மேல் சத்தியம் பண்ணிச் சொல்லிவிட்டேன்.

நல்ல சேதிக்குக் காத்திருக்கும்,
அக்கா


படப்பை
22.2.2005

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் இங்கே திருப்தியாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலம் போய்வந்தேன். ஏரிக்கரைப் பக்கம் ஓட்டு வீடு, சிமென்ட் தரை பளபளவென்று இருக்கிறது. அப்பா ராமன் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அம்மா கோவிந்தம்மா பால்வாடியில் ஆயா. வாங்க சம்பந்தி என்று வாசலிலேயே வந்து அழைத்தார். பித்தளைச் செம்பைப் புளி போட்டு விளக்கி வைத்திருந்தார், அதில் என் முகம் தெரிந்தது. அந்தச் செம்புத் தண்ணீரைத்தான் குடித்தேன், உன் உத்தரவை நிறைவேற்றிவிட்டேன். வடை, கேசரி எல்லாம் செய்திருந்தார்கள். எனக்கு அளவுச் சாப்பாடு அல்லவா, கொஞ்சம்போல எடுத்தேன்.

கோவிந்தம்மா முதலில் வாய் ஓயாமல் பேசினார், அப்புறம் என்னவோ அடங்கிவிட்டார். கூச்சமாக இருக்கும். வைகாசியில் நாள் பார்க்கலாம்.

உன்,
மாரிமுத்து


ஸ்ரீபெரும்புதூர்
3.3.2005

அன்புள்ள மாமாவுக்குச் செல்வி எழுதுவது.

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்களைப் பார்க்க இரண்டு தடவை ரூமுக்கு வந்தேன், நீங்கள் ஓவர்டைம் போயிருந்தீர்கள், பூட்டியிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிறு ரகுபதி வீட்டுக்குப் போனேன். அத்தை, ரகுபதியின் அம்மா, அழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் செம்பில் தண்ணீர் கொடுத்தபோது நீங்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி டம்ளரை எடுத்தீர்களாம். அதில் ஊற்றிக் குடித்துவிட்டு, துடைத்து, மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டீர்களாம். வடையில் நகம் அளவு கிள்ளிக்கொண்டு தட்டை ஒதுக்கினீர்களாம். அத்தை என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கப்பா டீக்கடையில தனி கிளாஸ்ல குடிச்சவரு. கழுவி அவரே கவுத்து வெச்சுட்டு வருவாரு. அதெல்லாம் போச்சுன்னு நெனச்சுக்கினு இருந்தேன். இப்ப என் வூட்டுக்கே சொந்த டம்ளர் எடுத்துக்கினு வராங்க."

மாமா, ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்கள் ரூமுக்கு வருகிறேன், அப்படி ஒரு டம்ளரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் நீங்கள் அந்த மாதிரி ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு எந்தத் தெரு என்று பார்க்காமல் திரிந்தவர் நீங்கள். ஏதோ காரணம் இருக்கிறது. அது என்னவென்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் எழுத்தையே கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு வரி போதும் மாமா.

உங்கள் பிள்ளை,
மாரிசெல்வி


படப்பை
31.3.2005

செல்விக்கு மாமா எழுதுவது.

நலமாக இருப்பாய் என நினைக்கிறேன். கம்பெனியில் ஆடிட், அதனால் பதில் எழுத நேரமில்லை.

நான் எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் குடிக்கிறேன் என்பதற்கு விளக்கம் எழுதித் தர வேண்டிய நிலைமை வரும் என்று நினைக்கவில்லை. இந்தக் காலத்தில் எத்தனையோ பேர் சொந்த பாட்டில் கொண்டுபோகிறார்கள். சுகாதாரம் என்று ஒன்று இருக்கிறது. அது அவரவர் விருப்பம். தாய்மாமனிடம் எழுத்தில் பதில் வாங்கி வரச் சொல்கிற வீடு, நாளைக்கு உன்னை என்னென்ன கேட்கும் என்று யோசித்துப் பார். பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவர்கள் இதைப் பெரிதாக்க மாட்டார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

மாமா


கழுகுமலை
12.5.2005

தம்பிக்கு,

நீ சுகமா? இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

செல்வி வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். பெட்டியோடு வந்து இறங்கினாள். மணிமங்கலத்தார் வேண்டாம் என்றார்களா, இவள் வேண்டாம் என்றாளா, எதுவும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறாள். மாமா போய்ப் பார்த்தாரே, அவரைக் கேட்கட்டுமா என்றேன். மாமாவை ஒன்றும் கேட்காதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. ஊர் வாய்க்குத் தப்பித்தோம் என்று. அவள் முகத்தைப் பார்த்த பிறகு அந்த நிம்மதிக்காக என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சங்கரன்கோவிலில் வனமாமலை என்று ஒரு பையன், நம்ம ஆட்கள், பாத்திரக்கடை வைத்திருக்கிறான். ஆவணியில் முகூர்த்தம். சரி என்று தலையாட்டிவிட்டாள். தாய்மாமன் நீ மூன்று நாள் முன்னால் வந்துவிடு. உன் பெண் வீட்டாரும் கல்யாணத்தில் உன்னைப் பார்ப்பார்கள்.

அக்கா


புனே
20.6.2005

அன்புள்ள மாரிமுத்து அண்ணனுக்கு சாம்சன்.

நான் கர்த்தர் கிருபையால் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. ஆறு பக்கமும் படித்தேன். ஆறு பக்கத்தையும் எனக்கு எழுதி என்ன பிரயோசனம்?

நோட்டீஸ் போர்டு போட்டோவை நினைத்துத்தானே வாயை மூடிக்கொண்டு இருக்கிறீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், எங்கள் ஆட்களுக்கும் தனி கிளாஸ் வைத்த கடைகள் உண்டு. அந்தம்மா என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த டம்ளரைக் காட்டி, என் வயிறு இவ்வளவுதாம்மா என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதானே அண்ணே? செல்விக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இன்றைக்கே எழுதுங்கள்.

சாம்சன்


படப்பை
18.9.2005

மரியாதைக்குரிய கோவிந்தம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள், ராமன் ஐயா, ரகுபதி மூவரும் நலமாக இருக்க வேண்டும். மாரிசெல்வியின் தாய்மாமன் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசிவரை படிக்கச் சொல்லுங்கள்.

போன வருஷம் செப்டம்பரில் எனக்கு இரைப்பையைச் சுருக்கி ஆபரேஷன் நடந்தது. பருமன் குறைவதற்காக. அதற்குப் பிறகு ஒரு வாய்க்கு இரண்டு ஸ்பூன் தண்ணீருக்கு மேல் நான் குடிக்கக் கூடாது. அண்ணாந்தும் குடிக்கக் கூடாது, வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும். அவ்வளவு அழகாக விளக்கி வைத்த உங்கள் செம்பை எச்சில் பண்ணக் கூடாது என்றுதான் அந்த டம்ளரை எடுத்தேன். தண்ணீரே வேண்டாம் என்று சொன்னால் உங்களைத் தாழ்த்துவதாக ஆகிவிடும் என்று பயந்து எடுத்தேன். தெரிந்தவர்கள் முன்னால் எடுக்க வெட்கப்படுகிறவன், புது வீடு, யாருக்கும் தெரியாது என்று எடுத்தேன். சத்தியமாக வேறு எதுவும் என் மனதில் இல்லை.

இதைச் செல்வி கேட்டபோதே சொல்லியிருக்கலாம். ஒரு வரி எழுதித் தரச் சொன்னாள். நான் ஒரு பக்கம் எழுதினேன், அந்த ஒரு வரியைத் தவிர. நடந்தே இளைத்தவன் என்ற பெயர் போய்விடும், எனக்குப் பார்த்த பெண் கிடைக்காமல் போய்விடும் என்று பயம். நண்பன் ஒருவன் ஜூன் மாதமே எழுதச் சொன்னான். தினமும் பேப்பரை எடுத்தேன், தினமும் மடித்து வைத்தேன்.

ஆவணி இருபதாம் தேதி செல்விக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பந்தியில் அக்காவே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டு குடிக்கவில்லை, தலை சுற்றியது. வேறு வழியில்லாமல் பையிலிருந்து டம்ளரை எடுத்தேன். எங்கள் வீட்டில், எங்கள் செம்புத் தண்ணீருக்கு. மணக்கோலத்தில் எதிரே உட்கார்ந்திருந்த செல்வி பார்த்துவிட்டாள். சாயங்காலம் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை.

"ஒரு வரிதானே மாமா கேட்டேன்."

அதை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குப் பார்த்த பெண் வீட்டாரிடமும் அன்றைக்கே உண்மையைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். அது கிடக்கட்டும். என்னால் உங்கள் வீட்டில் நடந்ததை மாற்ற முடியாது. உங்கள் அப்பாவுக்கு நடந்தது மறுபடியும் நடந்ததாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதையாவது மாற்ற வேண்டும் என்று எழுதினேன். மன்னித்தேன் என்று எழுத வேண்டாம். அந்தத் தகுதி எனக்கில்லை.

வணக்கத்துடன்,
மாரிமுத்து


மணிமங்கலம்
9.10.2005

ஐயா மாரிமுத்து அவர்களுக்கு,

நாங்கள் நலம். உங்கள் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று அம்மா முதலில் கேட்கச் சொன்னார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல எழுதுவது ரகுபதி. பேசியபடியே எழுது என்கிறார்.

"தம்பி, நீ போட்ட லெட்டரைப் புள்ள படிச்சுக் காட்டுச்சு. ரெண்டு தபா படிக்கச் சொன்னேன். பால்வாடில பதினாறு வருசமா ஆயாவா கீறேன். கைக்கொழந்தைங்களுக்கு எம்மாந் தண்ணி எப்டிக் குடுக்கணும்னு எனக்குத் தெரியாதா? என் வூட்ல சங்கு கீது. ரகுபதிக்குப் பால் ஊட்ன சங்கு. வயிறு சின்னதாப் பூட்ச்சும்மான்னு சொல்லிருந்தா, அதுலயே ஊத்திக் குடுத்திருப்பேன். உன்னிய மடியில மட்டும் போட்டுக்க மாட்டேன், அவ்ளோதான். எதுக்குப்பா வெக்கம்? இந்தப் பக்கம் வந்தா வூட்டுக்கு வா. தண்ணி குடிச்சிட்டுப் போ."

அம்மா சொன்னது இவ்வளவு. அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். இனி நான் எழுதுகிறேன்.

டம்ளர் விஷயத்தில் அம்மா அழுத அன்றைக்கு, எங்கள் மாமா அப்படிப்பட்டவர் இல்லை என்று செல்வி எங்களோடு சண்டை போட்டாள். ஒரு வாரத்தில் கடிதம் வரும் என்றாள். அவளுக்காக அம்மாவும் காத்திருந்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கம்பெனியில் வேலை அதிகம், மாமா நிச்சயம் எழுதுவார் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். ஐந்தாவது ஞாயிறு வந்து, கடிதம் வரவில்லை, இனி வராது என்றாள். காபிகூடக் குடிக்காமல் பையை மார்போடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு வரவே இல்லை, வேலையையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். நீங்கள் எழுதவே இல்லை என்றுதான் இத்தனை நாளும் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒரு பக்கம் எழுதியதாக நீங்கள் இப்போது சொல்லித்தான் தெரிகிறது. அந்தக் கடிதம் அன்றைக்கு அவள் பையில் இருந்திருக்கிறது. அதைக் காட்டியிருந்தால் உங்களைப் பற்றி அம்மா நினைத்தது சரியென்று ஆகியிருக்கும். அதனால் அவள் காட்டவில்லை.

இதை அவளிடம் கேட்காதீர்கள். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். தண்ணீரை அவசரப்படாமல், நிறுத்தி நிறுத்திக் குடியுங்கள்.

இப்படிக்கு,
ரகுபதி